முதல் குமிழ்

நம் தோட்டங்களில் கோயில் திருவிழாவானாலும் சரி, பள்ளிப் பரிசளிப்பு விழாவானாலும் சரி, ஒரு காட்சி தவறாமல் நடக்கும். பேசப் போகிறவர் மைக்கின் முன்னே வந்து நிற்பார். விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார். ஒலிபெருக்கி 'ஊங்' என்று ஊளையிடும். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக் கொள்வார்கள். பின்னாலிருந்து ஒருவர் "சத்தத்தைக் கூட்டுப்பா" என்பார். மற்றொருவர் "குறைப்பா" என்பார். மைக் என்றாலே இப்படித்தான் என்று நாமும் பழகிப் போனோம். இப்படி இருக்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. மின்சாரம் படித்தவளில்லை, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான் என் படிப்பு. ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த பிறகுதான் இந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது. தோட்டக் குடியிருப்பு வீடுகளைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டம் அது. முப்பது வருடம் பால்மரம் சீவிய ஓர் அம்மா எழுந்தார். எந்த வீட்டில் எந்தக் குடும்பம் இருந்தது, யாருக்கு எந்த வருடம் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மெலிந்த குரல் அவருக்கு. ஒலிபெருக்கி போட்ட கூச்சலில் பாதி காதில் விழவில்லை. "சத்தமாப் பேசுங்கம்மா!" என்று நாலு பேர் குரல் கொடுத்ததும் கூசிப் போய் உட்கார்ந்து விட்டார். பின்னர் கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். "மேலும் சிலர் பேசினர்" என்று எழுதியிருந்தது.

உரக்கப் பேசத் தெரிந்தவருக்கு மைக்கே தேவையில்லை. மெல்லப் பேசுகிறவருக்குத்தான் அது தேவை. அவரையே "கத்திப் பேசு" என்று சொன்னால் மைக் எதற்கு?

பல வருடம் மைக்செட் வேலை பார்த்த என் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சிரித்தார். ஆனாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நாம் பேசும்போது மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது. டார்ச் லைட் பேட்டரி ஒன்றரை வோல்ட் என்றால், மைக் தருவது அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதைப் பெரிய ஆம்ப்ளிஃபயர் அப்படியே வாங்கி வேலை செய்ய முடியாது. முதலில் நூற்றுக்கணக்கான மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு வளர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பிரீ-ஆம்ப். தனிப் பெட்டியாகவும் வரும். மிக்ஸர் பெட்டிக்குள்ளேயும் இருக்கும்.

அதில் முதலில் இருக்கும் குமிழுக்குக் கெயின் என்று பெயர். வால்யூம் வேறு, கெயின் வேறு. மைக்கிலிருந்து வரும் குரலை எவ்வளவு வளர்த்து உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிப்பது கெயின். உள்ளே வந்ததை எவ்வளவு வெளியே அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது வால்யூம். கெயினை மிகக் குறைத்து வைத்து வால்யூமைக் கூட்டினால், குரலோடு 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து வளரும். கெயினை மிகக் கூட்டினால் குரல் உள்ளேயே உடைந்து கரகரக்கும். அதன் பிறகு வால்யூமைக் குறைத்தால் அந்தக் கரகரப்புதான் சன்னமாகக் கேட்கும். பால்மரத்து மங்கிலேயே மழைத் தண்ணீர் கலந்து விட்டால் ஸ்டோரில் யார் என்ன செய்ய முடியும்? அதைப் போலத்தான்.

இதைச் சரியாக வைப்பது எளிது. வால்யூமை அடியோடு குறைத்து விடுங்கள். பேசுகிறவரை மைக்கின் முன் நிறுத்தி, மேடையில் பேசப் போவதையே பேசச் சொல்லுங்கள். "ஹலோ" போதாது; "ஹலோ"வுக்கு எல்லாருக்கும் ஒரே குரல்தான். அவர் பேசப் பேசக் கெயினை மெல்லத் திருப்புங்கள். பச்சை விளக்கு எரிய வேண்டும். அவர் உணர்ச்சியோடு குரலை உயர்த்தும்போதும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் சற்றுப் பின்னே திருப்புங்கள். அதன் பிறகே வால்யூமை உயர்த்துங்கள். ஆளுக்கு ஆள் இந்த இடம் மாறும். ஒவ்வொருவருக்கும் எங்கே வைப்பது என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டால் விழாவில் தடுமாற வேண்டாம்.

அடுத்தது வயர். மூன்று ஊசியுள்ள எக்ஸ்.எல்.ஆர். வயரை இரண்டு பக்கமும் அதே வகை முனையோடு பயன்படுத்துங்கள். முதல் ஊசி கவசக் கம்பிக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே குரலை நேரும் எதிருமாகக் கொண்டு போகின்றன. மண்டபத்து மின்கம்பியிலிருந்து வரும் 'ம்ம்' என்ற முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். பிரீ-ஆம்ப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக் கொள்வதால் முனகல் அடிபட்டுப் போகிறது. ஒற்றை முனைச் சாதாரண வயருக்கு இந்தத் திறமை இல்லை. மேடையிலிருந்து கடைசிச் சுவர் வரை அதை இழுத்தால் முனகத்தான் செய்யும்.

பிரீ-ஆம்பிலிருந்து வெளியே போகும் வயரை ஆம்ப்ளிஃபயரில் 'லைன்' அல்லது 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையில் செருக வேண்டும். 'மைக்' என்ற துளையில் செருகினால், ஏற்கெனவே வளர்ந்த குரலை மறுபடியும் வளர்த்து உடைத்து விடும்.

48 என்று எழுதிய பொத்தானைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். கண்டன்ஸர் வகை மைக்குக்கு மின்சாரம் வேண்டும். அதே வயர் வழியாக 48 வோல்ட் அனுப்பும் பொத்தான் அது. 1966-ல் ஜெர்மனியின் நோய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக ஒரு மைக் செய்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கு இருந்த 48 வோல்ட்டையே மைக்குக்கும் எடுத்துக் கொண்டார்கள். அதுவே எங்கும் நிலைத்து விட்டது. நாம் கையில் பிடித்துப் பேசும் சாதாரண டைனமிக் மைக்குக்கு இது வேண்டாம். எப்போது போட்டாலும் வால்யூமைக் குறைத்து விட்டுப் போடுங்கள். இல்லையென்றால் ஒலிபெருக்கி 'டப்' என்று அதிரும்.

80 என்று போட்டு வளைந்த கோடு வரைந்த பொத்தான், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஓசைகளைக் குறைப்பது. மேடைப் பலகை அதிர்வதும் காற்று மோதுவதும் அடங்கும்; பேச்சு தெளியும். 'பேட்' என்ற பொத்தான் தவில், நாதஸ்வரம் போன்ற பெரிய ஓசைகளை முன்கூட்டியே குறைத்து வாங்குவதற்கு.

ஊளைக்கு மருந்து இந்தப் பெட்டியில் பாதிதான். மைக்கில் புகுந்த ஒலி ஒலிபெருக்கி வழியே வந்து, மறுபடியும் மைக்கில் நுழைந்து சுற்றுவதே ஊளை. ஆகவே ஒலிபெருக்கி முன்னே, மைக் பின்னே இருக்கட்டும். பேசாத மைக்குகளை மூடி விடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரற்கடை போதும். தூரம் பாதியானால் மைக்குக்குச் சேரும் ஒலி ஏறக்குறைய இரு மடங்காகும். அந்த அளவுக்குக் கெயினைக் கூட்ட வேண்டிய அவசியம் குறையும்.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சிறிய பெட்டி வாங்கித் தந்தது. அடுத்த வருடக் கூட்டத்துக்கு அதைக் கேட்டு வாங்கிக் கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். அதே அம்மா பேச எழுந்தார். "எனக்கு இதெல்லாம் வேணாம் டீச்சர்" என்றார். "உங்க வீட்டுத் திண்ணையில பேசுற மாதிரியே பேசுங்கம்மா, போதும்" என்றேன். கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் நின்ற குமிழை இரண்டு மணி இடத்துக்குத் திருப்பினேன். அவர் சொன்ன பெயர்களும் வருடங்களும் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தன. இம்முறை கூட்டக் குறிப்பில் அவர் பெயரோடு ஏழு வரி இருந்தது. வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. அதைத் தீர்க்கும் பொத்தான் எந்தப் பெட்டியிலும் கிடையாது. ஆனால் "இதை யாரும் சொல்லவே இல்லையே" என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

இப்போது எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர் இருவருக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி பெண்பிள்ளை. சின்ன வகுப்புக் குழந்தை மேடையேறித் திருக்குறள் ஒப்பிக்கும்போது, அந்தக் குழந்தை நடுங்குவதைப் பார்த்தே அவள் கை குமிழுக்குப் போகிறது. உங்கள் தோட்டத்திலும் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விழா நாளில் அவர்களை அரைமணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். நம்மில் மெல்லப் பேசுகிறவர்கள் பலர். அவர்கள் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது.