ஜீப்புக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

போடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நானும் உன் மச்சானும் பார்த்தோம். வண்டி லட்சணமாகத்தான் இருக்கிறது. எம்.எம்.540, 2,112 சிசி பியூஜோ எஞ்சின், நாலு கியர், நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். அப்பா வைத்திருந்த அதே ஜாதி. விற்கிறவர் லிட்டருக்கு 14 கொடுக்கும் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் எண்கள் மனதில் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வண்டி 14 கொடுக்கும், 8-ம் கொடுக்கும். எந்த ரோடு, எவ்வளவு பாரம், என்ன வேகம் என்ற மூன்றையும் சேர்க்காமல் ஒரு ஜீப்புக்கு மைலேஜ் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

நம் போடிமெட்டு ஏற்றத்தையே எடுத்துக்கொள். ஊரிலிருந்து மெட்டுக்குச் சுமார் 26 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஆளும் உர மூட்டையுமாக வண்டி 1,800 கிலோ என்று வை. அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 1 கோடியே 76 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 கோடியே 60 லட்சம் ஜூல் இருக்கிறது. ஆனால் பழைய எஞ்சின், கியர் பாக்ஸ், ஹவுசிங் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால் பங்குதான். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக, மலை ஏறுவதற்கே 2 லிட்டர். டயர் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் இன்னொரு ஒண்ணேகால் லிட்டர். 26 கிலோமீட்டரை மூணேகால் லிட்டரால் வகுத்துப் பார், 8 வரும். எந்த மெக்கானிக்காலும் எந்த மந்திரத்தாலும் இந்த 8-ஐ 14 ஆக்க முடியாது. தூக்க வேண்டிய எடை அப்படியே இருக்கிறது.

இறங்கும்போது கதை வேறு. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். பம்பில் இருக்கும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் வரலாம். ஏறி இறங்கிய மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் 14, 15 வந்துவிடும். விற்கிறவர் சொல்லும் 14 இப்படிப் பிறந்ததாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும், தம்பி. நீ வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை மறக்காதே. டீசல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர்கள் நம் மலையில் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமே கிடையாது. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலிங்கில் நிற்க டீசல் குடிக்கும், கியரில் வந்தால் அதுகூடக் குடிக்காது. எஞ்சின் பிடித்து இழுக்கும் பிடியும் போய்விடும். முழு எடையும் ட்ரம் பிரேக்கின் தலையில் விழும். ட்ரம் சூடேறி விரிந்துவிட்டால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டர் இருக்கிற வண்டியில் அதற்கு வேக்குவம் கொடுக்கும் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து நின்றுபோகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று அப்பா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெட்டைத் தாண்டி நம் ஏலத் தோட்டத்துக்குள் போகிற மண் பாதையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியே பொருந்தாது. முதல் கியரில் ஊர்ந்து, நின்று, மூட்டை ஏற்றி, மறுபடி ஊர்கிறோம். அங்கே டிராக்டர்காரர்கள் போல மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். ஆள் ஏறி இறங்குகிற நேரமெல்லாம் எஞ்சினை ஓடவிட்டால், ஓடாத கிலோமீட்டருக்கும் டீசல் போகும். தோட்டத்து நோட்டில் ஏலக்காய் எடுப்புக் காலத்தில் மைலேஜ் விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வண்டியில் கோளாறு என்று யாரும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடத் தேவையில்லை.

உன் கவலை, நீ இருக்கும் கோயம்புத்தூரிலிருந்து வருகிற ரோடு. பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு வழியாக இங்கே வர 200 கிலோமீட்டருக்கு மேல். சமதளம்தானே, நன்றாகக் கொடுக்கும் என்று நினைப்பாய். 60-ல் வந்தால் கொடுக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 60-லிருந்து 80-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றுக்காகச் செலவாவது 1.78 மடங்கு. நேராக நிற்கும் கண்ணாடி, வெளியே துருத்திய மட்கார்டு, படபடக்கும் தார்ப்பாய் என்று ஜீப் ஒரு பெட்டி. இன்றைய கார்களின் காற்றுத் தடை எண் 0.3 பக்கம் இருக்கும், ஜீப்புகளுக்கு 0.5-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ஐந்தாவது கியரும் இல்லை. 80-ல் எஞ்சின் கதறிக்கொண்டே வரும். என் கணக்கில் 60-ல் 15 கொடுக்கிற வண்டி 80-ல் 11 அல்லது 12-க்கு இறங்கிவிடும்.

பியூஜோ எஞ்சின் பற்றியும் கேட்டிருந்தாய். அது டீசலை நேராக சிலிண்டருக்குள் பீச்சாமல், பக்கத்தில் ஒரு சிறிய அறையில் பீச்சி எரிக்கிற வகை. அதனால் சத்தமும் உதறலும் குறைவு. ஆனால் அந்த அறையின் சுவர் வழியாகச் சூடு வீணாகும். நேரடியாகப் பீச்சுகிற டி.ஐ. எஞ்சின் அதைவிட 10 முதல் 15 சதவீதம் சிக்கனம். அந்தச் சிக்கனத்துக்காகவே எஞ்சினை மாற்றிப் போட்டவர்கள் உண்டு. ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் எண்ணும் பிளாக்கில் வெட்டியிருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று கட்டாயம் பார். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அங்கேதான் சிக்குவார்கள்.

மைலேஜ் அளப்பதற்கு ஃபுல் டேங்க் தவிர நம்பகமான வழி எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே குழாய், வண்டி சமமாக நிற்க, தானாக நிற்கும் வரை டீசல் போடு. ஓட்டு. மறுபடி அதே இடத்தில் நிரப்பு. ஒரு தடவை செய்து முடிவுக்கு வராதே. டேங்க்கில் தங்குகிற காற்றே ஒரு லிட்டர் கூட்டிக் குறைத்துக் காட்டும். பல டேங்க் சேர்த்துக் கூட்டினால் அந்தப் பிழை கரைந்துவிடும்.

மீட்டரையும் அப்படியே நம்பாதே. நம் வீட்டு பொலிரோவுக்கு 215/75 ஆர்15 டயர்தான் அளவு. உன் மச்சான் 235/75 போட்டார். டயரின் உயரம் 704 மில்லிமீட்டரிலிருந்து 734 ஆகிவிட்டது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104 ஓடியிருக்கும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த 4 சதவீதத்தைத் திருப்பிச் சேர்ப்பதே இல்லை. நீ அனுப்பிய படத்தில் ஜீப்புக்குப் பட்டன் டயர் கிடக்கிறது. அதனால் போனில் மேப் வைத்து, மீட்டரும் மேப்பும் எவ்வளவு விலகுகிறது என்று முதலில் பார். பட்டன் டயர் சேற்றுக்கு அருமை. தார் ரோட்டில் அது உருளவே கூடுதல் டீசல் கேட்கும்.

புது வண்டிகளுக்கு விளம்பரத்தில் போடுகிற எண்ணோடு இதை ஒப்பிடாதே. அது புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடங்களில் உருளை மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுப்பது. அந்தச் சுற்றில் உச்ச வேகமே 90, ஏற்றமும் கிடையாது, மூட்டையும் கிடையாது. அமெரிக்காவில் இப்படி எடுத்த எண் ரோட்டில் வருவதைவிட அதிகமாக இருக்கிறது என்று 2008 மாடலிலிருந்து சோதனை முறையையே மாற்றினார்கள். பழைய வண்டிகளுக்கும் திருத்திய எண்ணை வெளியிட்டார்கள்.

பார்க்கப் போகும்போது உன்னோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ. ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் டீசல் எரியாமல் போகிறது என்று அர்த்தம். நாசில், பம்ப், இல்லையென்றால் ஏர் ஃபில்டர். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், விலையைக் குறைத்துக் கேள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நாலு ட்ரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே வருகிறது. முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் திறந்திருக்கிறதா பார். பூட்டியே கிடந்தால், 4 வீல் போடாவிட்டாலும் முன் ஹவுசிங்கும் ஷாஃப்டும் சும்மா சுற்றிக்கொண்டே வரும்.

இந்தச் சின்ன வேலைகள் பெரிதா என்று நினைக்காதே. 8 கொடுக்கிற வண்டியை 10 கொடுக்க வைத்தால் 1,000 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் மிச்சம். 16 கொடுக்கிற வண்டியை 20 ஆக்கினாலும் மிச்சம் பன்னிரண்டரை லிட்டர்தான். அதிகம் குடிக்கிற வண்டியில்தான் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் மதிப்பு அதிகம்.

இனி என் அபிப்பிராயம். ஜீப் சராசரியாக 10 கொடுக்கும், ஒரு நல்ல டீசல் கார் 18 கொடுக்கும், டீசல் 90 ரூபாய் என்று வை. வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் 20,000 ரூபாய். 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் 80,000. தோட்டத்துக்கு மட்டும் என்றால் 5,000-க்குள் அடங்கும். அந்தப் பாதையில் கார் போகாது, புது 4 வீல் வண்டிக்கு ஒரு வருடத்துக்குக் கட்டும் வட்டியே இந்த 20,000-ஐ விழுங்கிவிடும். அதனால் ஜீப்பை வாங்கு, இங்கே கொண்டுவந்து விடு, போடியிலேயே நிற்கட்டும். நீ கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸிலோ உன் காரிலோ வா. வாரா வாரம் அந்த ரோட்டில் ஜீப்பை விரட்டுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம் என்பேன். டீசலுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த பிரேக்கை வைத்துக்கொண்டு நீ 80-ல் வருவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

வண்டி பிடித்திருந்தால் ஆர்.சி. நகலும் எஞ்சின் எண்ணின் படமும் உன் மச்சானுக்கு அனுப்பு. அவர் சரி என்று சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடு. அம்மா மருந்து தீரப்போகிறது, வரும்போது வாங்கி வா.

அன்புடன்,
அக்கா