மிலிட்டரி ஆசாரி

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிலிட்டரி ஆசாரி என்றால் போதும், பால்காரருக்கும் தெரியும். மாதம் ஒருமுறை தீவுத்திடல் ராணுவ கேன்டீனுக்குப் போய் வருவார். அன்று சாயங்காலம் அவருடைய தச்சுப் பட்டறை வாசலில் கூட்டம் கொஞ்சம் கூடும். யுத்தத்தைப் பற்றிக் கேட்க அல்ல, ரம் கோட்டாவைப் பற்றி விசாரிக்க. "நான் அதை வாங்குறதே இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

அவர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸில். 1780-ல் தொடங்கிய படை. தலைமையிடம் பெங்களூரில், அல்சூர் ஏரிப் பக்கம். பாலம் போடுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. அதனால் தச்சர், கொத்தனார், கொல்லர் எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. அப்பாவிடம் உளி பிடித்துப் பழகிய கையோடு போனவர், "அங்க போய்த்தான் தொழில் கத்துக்கிட்டேன்" என்பார்.

வாசல் நிலையைத் தூக்கும்போது பையன்களுக்கு "ஏக், தோ, உடாவ்!" என்று இந்தியில் குரல் கொடுப்பார். மயிலாப்பூரில் எதற்கு இந்தி என்று சிரிப்போம். காரணம், பட்டாளத்தில் இந்திக் குரலுக்குப் போட்டுப் பழகிய பெய்லி பாலம். இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடும் பாலம் அது. அதன் ஒரு சட்டம் 10 அடி நீளம், 260 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் முந்தினால் மற்றவர்கள் முதுகு போய்விடும். பட்டறையில் இன்னொரு பட்டாளப் பழக்கமும் உண்டு. இருட்டியதும் தார்ப்பாயை விரித்து இழைப்புளி, உளி, மூலைமட்டம், கொட்டாப்புளி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் பட்டறை மூடாது.

1971 டிசம்பர் பாகிஸ்தான் யுத்தத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரு கம்பியைப் பற்றிப் பேசுவார். கண்ணிவெடி தேட அதை மண்ணில் 30 டிகிரி சாய்வாகச் செருக வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும், சாய்த்தால் பக்கத்தில் தட்டும். தட்டியதும் கையை நிறுத்தப் பழக வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்ன யுத்தம். அந்த யுத்தத்தின் பசந்தர் ஆற்றங்கரைச் சண்டை என்றால் டாங்கியில் நின்று உயிர்விட்ட அருண் கேதர்பாலைத்தான் புத்தகங்கள் சொல்கின்றன, அது நியாயமே. ஆனால் அந்த டாங்கிகளுக்காகக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்துகொண்டிருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-வது பொறியாளர் ரெஜிமென்ட். அதன் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த வேலையில்தான் இறந்தார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். இந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசாரி மரியாதையோடு சொன்ன பெயர் இன்னொன்று: சுபேதார் சுப்பிரமணியன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், இதே படை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞானோ என்ற இடத்தில், கூட வந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் இறந்தபின் வந்தது.

ஆசாரியின் கைத்திறனை நான் முழுசாகப் பார்த்தது 2015 வெள்ளத்துக்குப் பிறகு. அடையாறு கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததில் அக்கா வீட்டு பிளைவுட் கதவுகள் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டன. தேக்கு வாசல் கதவு மட்டும் ஊதிக்கொண்டு நிலைக்குள் அடங்க மறுத்தது. அக்கம்பக்கத்தில் ஆள் பிடித்து உடனே இழைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டிய இவர் வந்தார், கதவைத் தட்டிப் பார்த்தார், உளியைப் பையை விட்டே எடுக்கவில்லை. "மாசி முடியற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்கம்மா. கயிறு போட்டுக் கட்டிக்குங்க." அக்காவுக்குக் கோபம். வாசலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? பங்குனியில் கதவு தானாக இறங்கி நிலையில் உட்கார்ந்தது. கீலில் இரண்டு திருகு மாற்றினார், கூலி வாங்கவில்லை. ஈரத்தில் இழைத்த வீடுகளில் சித்திரை வெயிலுக்கு மரம் சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அவசரப்படாமல் இருப்பதும் பட்டாளத்தில் படித்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

அவர் போய்ச் சில வருஷங்களாகின்றன. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் மலை சரிந்தபோது, சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை மெட்ராஸ் சாப்பர்ஸ் 31 மணி நேரத்தில் போட்டு முடித்தார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு அது அதிசயம். இவர் இருந்திருந்தால் சட்டத்தை எத்தனை பேர் தூக்கினார்கள், யார் குரல் கொடுத்தார்கள் என்று கேட்டிருப்பார்.

உங்கள் தெருவிலும் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு எலெக்ட்ரீஷியனோ பிளம்பரோ இருப்பார். கோட்டாவைப் பற்றிக் கேட்பதற்கு முன், அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.