அப்பா வைத்த பட்டை

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சும்மா நிற்கும்போதும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். போதாக்குறைக்கு, பின் சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்பக்கமாக மடங்கி, அவசரமாக பாத்ரூம் தேடும் பையன் காலைக் குறுக்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். தெருப் பிள்ளைகள் 'வாத்து கார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காரைப் பார்த்து வைத்ததா, ஓட்டுகிற என்னைப் பார்த்து வைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

இங்கிலாந்தில் 1959-ல் பிறந்த வண்டி. நம் சென்னையில் 1961-லிருந்து தயாரித்தார்கள். 1968-ல் நம் ஊருக்கென்றே நாலு கதவு வைத்து ஒரு மாடல் வந்தது. அதில் ஒன்றைத்தான் அப்பா 1976-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அப்பா, அம்மா, பாட்டி, அத்தை, நான், இரண்டு தங்கைகள். ஆக ஏழு பேர். 948 சிசி என்ஜின் முனகிக்கொண்டே இழுக்கும். பின்பக்கம் மட்டும் தரையோடு தரையாகத் தேயும். கும்பகோணம் போய்த் திரும்பியபோது சைலன்ஸரைக் கையில்தான் கொண்டுவந்தோம்.

மறுவாரமே அப்பா ஸ்பிரிங் பட்டறைக்குப் போய் ஒரு பட்டை கூடுதலாக வைத்துவிட்டார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து அளந்தார். தான் இறங்கினால் எடை குறையுமே என்று, பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். அவ்வளவு கறார்!

சரியாக நாலு விரல் இருந்தது. அது ஏழு பேருக்கு வைத்த கணக்கு. இன்று அந்த வண்டியில் நானும் என் மனைவியும் மட்டும்தான்.

போன வருஷம் மழை நாளில் திண்டிவனம் பக்கம் ஒரு வளைவு. எதிரே மாடு. பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை அழுத்தினேன். வால் சர்ரென்று நழுவி, வண்டி வந்த திசையையே பார்த்து நின்றது. மாடு அசையவில்லை. "ஏங்க, வீட்டுக்குத் திரும்பிடலாம்னு அதுவே சொல்லுது" என்றாள் மனைவி. கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது, இருவருக்கும்.

நேரே பாயிடம் போனேன். அப்பா காலத்து மெக்கானிக். சுற்றிவந்து பார்த்தார்.

"ஸ்பிரிங்குல ஒரு கோளாறும் இல்ல தம்பி. வண்டியில ஆளுதான் கொறையுது."

பிறகு விளக்கினார். அம்பாஸடரில் பின்னால் வலம் ஒன்று, இடம் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். ஹெரால்டில் ஒன்றே ஒன்று, குறுக்குவாட்டில். டிஃபரன்ஷியல் தலைமேல் உட்கார்ந்து காவடி மாதிரி இரண்டு சக்கரத்தையும் தாங்கும். ஆக்ஸிலும் நடுவில் மடங்குகிற ரகம். பாரம் ஏறினால் சக்கரம் நிமிரும். பின்பக்கம் உயர்ந்தால் அடிப்பாகம் உள்ளே மடங்கும். வளைவில் பிரேக் அடித்தால் முதுகு இன்னும் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் மேலும் மடங்கும், வால் நழுவும். இந்தக் கூத்து நம் ஊரில் பலருக்குப் பிடிக்காமல்தான், 1972-ல் வந்த கெஸலில் மடங்காத ஆக்ஸிலுக்கு மாறினார்கள்.

"டிக்கியில மணல் மூட்டை போட்டா?" என்றேன்.

"வளைவுல மூட்டை நகந்துச்சுன்னா அது வேற ஆபத்து."

நகராத பாரமாக என் மைத்துனரை உட்காரவைக்கலாமே என்றேன். மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனை அத்தோடு நின்றது.

"உயரம் வேற, விறைப்பு வேற தம்பி" என்றார் பாய். பட்டையின் வளைவு உயரத்தைத் தரும். பட்டைகளின் எண்ணிக்கையும் கனமும் விறைப்பைத் தரும். ஒரு பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். வளைவை மட்டும் தட்டிக் குறைத்தால் வண்டி தாழும், ஆனால் இரண்டு பேருக்கு மாட்டுவண்டி மாதிரி தூக்கிப்போடும். கூடுதல் பட்டையை எடுத்துவிட்டால் தாழவும் செய்யும், மெத்தென்றும் போகும்.

அது அப்பா வைத்த பட்டை. அவர் போய்ப் பதினோரு வருஷம். ஒரு வாரம் பாய் பக்கமே போகாமல் இருந்தேன். கடைசியில் மனைவிதான் சொன்னாள்: "நாம பத்திரமா போகணும்னுதானே மாமா அதை வச்சாரு? இப்ப எடுத்தாதான் பத்திரம்னா எடுத்துடுங்க."

பின் சீட்டைக் கழற்றினோம். இரண்டு புளியங்கொட்டை, அத்தையின் கொண்டை ஊசி, ஒரு பத்து பைசா கிடைத்தன. பட்டையை எடுத்து, ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டி ஜாக்கியை இறக்கியதும், நான் அவசரமாக அளக்கக் குனிந்தேன். பாய் தடுத்தார். ஜாக்கியிலிருந்து இறங்கிய ஹெரால்டின் சக்கரம் மடங்கியபடியேதான் நிற்குமாம். முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி உருட்டினால்தான் தன் நிலைக்கு வரும். உருட்டினோம். டயரில் காற்றைச் சரிபார்த்தோம். எங்கள் இருவரையும் முன்னால் உட்காரவைத்து, அந்தப் பாரத்தோடுதான் ஸ்பிரிங் முனை போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினார். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம்.

பிறகு தரையில் முட்டிபோட்டு, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டார்.

"நாலு விரல்!"

நான் பேசவில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டையைத் துடைத்து, எண்ணெய் தடவி, நியூஸ் பேப்பரில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். டிசம்பரில் மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள் எல்லாரும் வருகிறார்கள்.

"ஆறு பேரும் ஏறினா பின்னாடி தரையில உக்காந்துடுமே?" என்றாள் மனைவி.

"உக்காரட்டுமே, மெதுவா ஓட்டறேன்" என்றேன்.