வயர் சிக்கிய ராத்திரி

கோ-கார்ட் ஃபிரேம்ல இன்னும் நாலு ஜாயின்ட்தான் பாக்கி. மறுநாள் காலையில இன்ஸ்பெக்‌ஷன். அப்போதான் எங்க டீமோட குட்டி மிக் வெல்டர் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. வயர் வரும், நிற்கும், மறுபடி வரும். ரோலர் பிரஷரை இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். உள்ளே வயர் குருவிக்கூடு மாதிரி சுருண்டுபோச்சு. "மெஷின் அவ்ளோதான்டா" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் அண்ணா வந்தார். சிக்கலை வெட்டி எடுத்துப் புது வயர் கோத்தார். டிப்பைக் கழற்றி, கன் கேபிளை நேராக நீட்டி ஓடவிட்டார். அப்பவும் திணறல். அப்போ டிப் காரணமில்லை. பிரஷரை விடுவித்து வயரைக் கையால் இழுத்தார், லேசாக வந்தது.

"லைனர், ஸ்பூல் ரெண்டும் நல்லாருக்கு தம்பி. ரோலரைப் பாரு."

0.8 மி.மீ. வயர், 1.0 பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிடிமானமே இல்லை. அன்று சாயங்காலம் ரோலரைத் துடைத்து, திருப்பி மாட்டியது நான்தான்.

அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. ரோலரைத் திருப்பிப் போட்டு, வழுக்காத அளவுக்கு மட்டும் பிரஷர் வைத்தார். வயர் சீராக ஓடியது.

வெல்டிங்கைத் தொடங்கும் முன் டீமிடம் சொன்னேன்: "மெஷின் இல்லடா, நான்தான்."

நாலு ஜாயின்ட்டையும் என்னையே போடச் சொன்னார்கள்.