அழுத்தமானி சொன்னதும் சொல்லாததும்

எண்களுக்கு உலகில் ஒரு தனி மரியாதை உண்டு. ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும்போது ஐயுறுபவரும், அதே செய்தி எண்ணாக வந்து நின்றால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வர். மருத்துவரின் வெப்பமானியும், வணிகரின் தராசும், ஆசிரியரின் மதிப்பெண் பட்டியலும் அத்தகைய மரியாதையைப் பெற்றவை. ஆயினும், எண் என்பது முடிவா அல்லது ஆராய்ச்சியின் தொடக்கமா என்று சிந்திப்போர் சிலரே. கிள்ளானுக்கு அருகில் உள்ள ஒரு கார் பட்டறையில் ஓர் இளைஞன் இதைக் கற்றுக்கொண்ட விதம், கற்பிக்கும் பணியில் இருப்போரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அவ்விளைஞன் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்றவன். தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவன். பழைய கே.இ.70 வகை டொயோட்டா கொரோலா ஒன்று அவனிடம் இருந்தது. அதில் பொருத்தப்பட்டிருந்ததோ 4ஏ-ஜிஇ என்னும் வேக இயந்திரம். 1983ஆம் ஆண்டில் டொயோட்டாவின் சிறிய வேகக் கார்களில் இடம்பெற்றுப் புகழடைந்த அந்த இயந்திரத்தின் தலைப்பகுதி, யமாஹா நிறுவனத்தின் ஒத்துழைப்போடு உருவானது. 1587 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 4 சிலிண்டர்கள், 16 வால்வுகள் என்பன அதன் அமைப்பு. ஜப்பானில் ஓடி முடித்த கார்களிலிருந்து கழற்றப்பட்டு மலேசியாவுக்கு வந்த அத்தகைய இயந்திரங்கள் பல, இங்குள்ள பழைய கொரோலா கார்களில் இரண்டாம் வாழ்வு பெற்றன.

இரண்டு ஆண்டுச் சேமிப்பை அந்த இயந்திரத்தில் அவன் கொட்டியிருந்தான். 81 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டர்கள் அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடையப்பட்டன. அதற்கேற்ற புதிய பிஸ்டன்களும் ரிங்குகளும் வந்தன. வால்வுகளும் அவை அமரும் இருக்கைகளும் கடைசல் பட்டறையில் தேய்த்துச் சீராக்கப்பட்டன. வேகம் கூடுவதற்காக, வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டுகளும் வாங்கப்பட்டன. உதிரிகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பூட்டியவன் அவனே. வீட்டுத் தாழ்வாரத்தில், நண்பன் ஒருவன் துணையோடு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வேலை நிறைவேறியது.

பூட்டி முடித்து, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தபின், கம்பிரஷன் என்று பட்டறைகளில் வழங்கும் அமுக்க அழுத்தத்தை அவன் அளந்தான். அந்த இயந்திரத்தின் பராமரிப்பு நூல், சதுர அங்குலத்துக்கு 179 பவுண்டு இருக்க வேண்டும், 142க்குக் குறையலாகாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு 14க்கு மிகலாகாது என்கிறது. அவனுடைய அழுத்தமானி காட்டியவையோ 120, 118, 75, 121. அவன் நெஞ்சு பதறியது. கடைந்தவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினான்; அவருக்குத் தர வேண்டிய மீதி 300 வெள்ளியை நிறுத்தி வைத்தான்; நண்பர்கள் இருவரிடம் அவர் தொழில் சரியில்லை என்று சொல்லியும் விட்டான்.

அந்த நிலையில்தான் அவன் பட்டறைக்காரப் பெரியவரை நாடினான். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சீனர் ஒருவரின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவர் அவர்.

"ஐயா, நான்கு சிலிண்டரும் போய்விட்டன. இயந்திரத்தை இறக்கி மறுபடியும் பிரித்துப் பார்க்க வேண்டும்," என்றான் இளைஞன்.

"பிரிப்பது பெரிய வேலையன்று, தம்பி. பிரித்துப் போட்ட பிறகு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல இயந்திரம் இருக்காதே! முதலில் இதைச் சொல். இந்த எண்களை எப்படி எடுத்தாய்?"

அவ்வினாவை அவன் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இயந்திரம் சூடாக இருந்ததா? இல்லை, காலையில் குளிர்ந்திருந்தபோதே அளந்தான். நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் கழற்றப்பட்டிருந்தனவா? இல்லை, அளக்கும் சிலிண்டரில் மட்டும் கழற்றினான். ஆக்சிலேட்டர் மிதி அடிவரை அழுத்தப்பட்டிருந்ததா? அழுத்தவில்லை. பேட்டரி புதியதா? நான்கு ஆண்டு பழையது.

பெரியவரின் கேள்விகள் வெறும் சடங்கல்ல. மிதி அழுத்தப்படாவிடில் காற்று புகும் வாயில் மூடியிருக்கும். உள்ளே வராத காற்றைப் பிஸ்டன் எங்ஙனம் அமுக்கும்? மற்ற பிளக்குகள் பூட்டியிருந்தால் ஸ்டார்ட்டர் அந்தச் சிலிண்டர்களையும் எதிர்த்து உழைக்க வேண்டும். பேட்டரியும் தளர்ந்திருந்தால் இயந்திரம் மெல்லச் சுழலும். மெல்லச் சுழலும்போது கசிவதற்குக் காற்றுக்கு நேரம் மிகுதி. ஆகவே, இயந்திரத்தைச் சூடாக்கி, எரிபொருளையும் மின்பொறியையும் துண்டித்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி, மிதியை முழுவதும் அழுத்தி, நல்ல பேட்டரி கொண்டு மீண்டும் அளந்தனர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையிலான சுற்றுகள் கொடுக்கப்பட்டன. வந்த எண்கள் 156, 154, 112, 157.

மூன்று சிலிண்டர்கள் மீண்டுவிட்டன. ஆனால் அவையும் 179ஐ எட்டவில்லையே என்று இளைஞன் கலங்கினான். பெரியவர் புதிய கேம் தண்டைச் சுட்டிக் காட்டினார். பழைய தண்டு வால்வைத் திறந்து வைத்த காலம் 240 பாகை. புதியதில் அது 272 பாகை. கூடிய 32 பாகையில் பாதி, வால்வு மூடும் பக்கத்தில் சேரும். எனவே காற்றை உள்ளிழுக்கும் வால்வு ஏறத்தாழ 16 பாகை தாமதமாக மூடுகிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வாயில் திறந்தே இருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது. ஸ்டார்ட்டர் சுழற்றும் மெதுவான வேகத்தில் இது இழப்பு. இயந்திரம் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுகள் சுழலும்போதோ, விரைந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே தொடர்ந்து உள்ளே திணிகிறது. அப்போது அதே தாமதம் ஆதாயமாகிறது. அவன் விரும்பி வாங்கிய வேகத்தின் விலையே அந்தக் குறைவு. டைமிங் பெல்ட் ஒரு பல் தவறியிருந்தாலும் நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருக்கும். ஆதலால் பெரியவர் அதன் குறிகளையும் பார்த்தார். அவை சரியாகவே இருந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. கடைந்த சிலிண்டரின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இடப்பட்டிருக்கும். புதிய ரிங்குகள் அச்சுவரோடு உரசித் தேய்ந்து படிந்த பின்னரே முழுமையாக அடைக்கும். அவற்றைச் சுவரோடு அழுத்துவது, இயந்திரம் பாரம் இழுக்கும்போது எழும் வாயுவின் அழுத்தமே. அவ்வாறு ஓடித் தேறாத இயந்திரத்தின் எண், இறுதி எண் ஆகாது.

எஞ்சியது மூன்றாம் சிலிண்டர். நான்கும் சமமாகக் குறைந்தால் காரணம் பொதுவானது. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால், அவற்றிற்கு இடையே ஹெட் கேஸ்கட் விட்டிருக்கலாம். ஒன்று மட்டும் குறைந்தால் குற்றம் அதற்கு உள்ளேயே இருக்கிறது. தனித்தனி எண்களைவிட, எண்களுக்கு இடையிலுள்ள உறவு மிகுதியாகப் பேசும் என்பதை இதனால் உணரலாம்.

பெரியவர் ஒரு தேக்கரண்டி எண்ணெயை மூன்றாம் சிலிண்டரில் ஊற்றி மறுபடியும் அளந்தார். எண்ணெய் ரிங்குகளைச் சுற்றிப் படர்ந்து இடுக்குகளைச் சிறிது நேரம் அடைக்கும். குற்றம் ரிங்கிலோ சுவரிலோ இருந்தால் எண் நன்கு உயர வேண்டும். 112 என்பது 116 ஆயிற்று, அவ்வளவே. கடைந்தவர்மீது சுமத்தப்பட்ட பழி அந்த ஒரு கரண்டி எண்ணெயில் கரைந்தது.

அடுத்து, இரண்டு வகை வால்வுகளும் மூடியிருக்க வேண்டிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இயந்திரம் சுழன்றுவிடாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்தினர். காற்று எங்கே ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பதே அச்சோதனை. எண்ணெய் ஊற்றும் வாயில் சற்றே கேட்டது. நல்ல இயந்திரத்திலும் அது உண்டு. ரேடியேட்டரில் குமிழி இல்லை. காற்று நுழையும் வாயும் அமைதியாக இருந்தது. புகைக்குழாயின் முனையில் மட்டும் 'உஸ்' என்ற ஒலி தெளிவாகக் கேட்டது. புகையை வெளியேற்றும் வால்வு முழுமையாக மூடவில்லை.

மறுநாள் காலை, இயந்திரம் குளிர்ந்த பிறகு, மேல்மூடியைக் கழற்றினர். கேம் தண்டுக்கும் வால்வின்மேல் உள்ள ஷிம் என்னும் சிறிய எஃகு வட்டுக்கும் இடையே, புகைவால்வில் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். மூன்றாம் சிலிண்டரின் ஒரு வால்வில், அளக்கும் எஃகு இதழ்களுள் மிக மெல்லியதும் நுழைய மறுத்தது. இருக்கையைத் தேய்த்தபோது வால்வு மயிரிழை அளவு உள்ளே இறங்கியது, அதன் தண்டு அதே அளவு மேலே எழுந்தது, இடைவெளி மறைந்தது. தேய்த்தவர்மீதும் இதில் தவறில்லை. தேய்த்தால் அப்படித்தான் ஆகும். பூட்டுபவர் இடைவெளியை மறுபடி அளந்து, தக்க வட்டை இட வேண்டும்.

"தலைப்பகுதியைப் பூட்டியபின் இடைவெளி பார்த்தாயா, தம்பி?"

இளைஞன் விடை சொல்லவில்லை. பெரியவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அந்த வட்டுகள் 0.05 மில்லிமீட்டர் வேறுபாட்டில் வரிசையாகக் கிடைப்பவை. மெல்லிய வட்டு ஒன்றை இட்டதும் இடைவெளி 0.25 ஆயிற்று. மற்றப் பதினைந்து வால்வுகளையும் அளந்து, இறுகியிருந்த இரண்டைத் திருத்தினர். மூன்றாம் சிலிண்டர் 155 காட்டியது. அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வால்வு இருக்கையில் அமரும்போதுதான் தன் வெப்பத்தை இறக்கி வைக்கிறது. அமர முடியாத வால்வின் விளிம்பை எரிவாயு நாளடைவில் அரித்துத் தின்றுவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடித் தேறியபின் நான்கு சிலிண்டர்களும் 160ஐத் தாண்டின. அதற்கு மருந்து தேவைப்படவில்லை. உழைப்பும் காலமுமே போதுமாயின.

ஆசிரியர்க்கு இதில் பாடம் இல்லையா? ஒரு மாணவனின் தாளில் 35 என்னும் எண் விழுந்தவுடன், அவனை மந்தமானவன் என்றும், முன்னைய வகுப்பில் கற்பித்தவர் சரியில்லை என்றும் சொல்லிவிடுவது எளிது. அத்தேர்வு எவ்வாறு நடந்தது, அவன் உடல்நலத்தோடு இருந்தானா, வகுப்பு முழுவதும் குறைந்ததா, அவன் மட்டும் குறைந்தானா, எந்த வகைக் கணக்கில் தடுமாறினான் என்று கேட்பது அரிது. குறைநீக்கல் போதனை என்பது அவ்வினாக்களிலிருந்தே தொடங்க வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது ஒரு சிறு திருத்தம். சிலர்க்குக் காலம் மட்டுமே தேவை. சிலரோ மெதுவான சோதனையில் குறைந்து, வாழ்க்கையின் வேகத்தில் நிறைபவர்கள். காரணம் அறியுமுன் பிரித்துப் போடுவது, இயந்திரத்துக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

அந்தச் சனிக்கிழமை மாலையே இளைஞன் கடைசல் பட்டறைக்குச் சென்று, நிறுத்தி வைத்திருந்த 300 வெள்ளியைக் கடைந்தவரிடம் கொடுத்தான். பிறகு, அவரைப் பற்றிக் குறை சொல்லியிருந்த நண்பர்கள் இருவரின் வீடுகளுக்கும் நேரில் போனான்.