பேரனின் மீன் தொட்டியும் நான் தைத்த பில்டர் பையும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, கொஞ்சம் வெட்கமாக இருந்ததால் தள்ளிப்போட்ட விஷயம் இது.

மகனுக்குக் கோவைக்கு மாற்றல் ஆனபோது, பேரன் தன் மீன் தொட்டியை எங்கள் டி. கல்லுப்பட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மூன்று கோல்டு பிஷ். பெரியதற்கு ராஜா என்று பெயர். "தாத்தா, பத்திரமா பாத்துக்கோங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினான்.

தொட்டியின் ஓரத்தில் மாட்டும் பில்டர் அது. உள்ளே ஒரு கார்ட்ரிட்ஜ். மாதம் ஒன்று மாற்ற வேண்டுமாம். ஒன்று 150 ரூபாய், வருடத்துக்கு 1,800. பென்ஷன்காரன் கணக்குப் போடாமல் இருப்பானா? பழைய கார்ட்ரிட்ஜைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளைப் பஞ்சு, உள்ளே ஒரு பிடி கரி. அவ்வளவுதான். இதையா காசு கொடுத்து வாங்குவது என்று நானே செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் தலையணையில் இருந்த இலவம் பஞ்சை எடுக்கப் போனேன். வீட்டுக்காரம்மா தடுத்தார்கள். "அது தண்ணியில ஊறினா அழுகிப் போகுங்க." உண்மைதான். அழுகாத பாலியஸ்டர் பஞ்சு வாங்கி, அலசி, பழைய நைலான் கொசுவலைத் துணியில் பை தைத்து அதற்குள் வைத்தேன். கரிக்கு அடுப்பில் எரிந்த கொட்டாங்கச்சியை இடித்துப் போட்டேன். தண்ணீர் கறுத்ததுதான் மிச்சம். கடைக் கரியும் பல சமயம் கொட்டாங்கச்சிக் கரிதான். ஆனால் அதை மிக அதிக வெப்பத்தில் நீராவி செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும்படி பக்குவப்படுத்துகிறார்கள். அந்தத் துளைகள்தான் நிறத்தையும் வாடையையும் பிடிக்கும். நம் அடுப்புக் கரியில் அது நடக்காது. அதனால் கரியை விட்டுவிட்டுப் பஞ்சு மட்டும் வைத்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தப்பு நடந்தது ஒரு மாதம் கழித்து. பஞ்சு பழுப்பாக, வழவழவென்று இருந்தது. அழுக்கு என்று தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்தேன். அன்றைக்கே கூழாங்கற்களையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். முப்பது வருடம் கரும்பலகையைப் பளிச்சென்று துடைத்த கை அல்லவா?

மூன்றாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலை ராஜா மிதந்தது.

"அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது" என்றார்கள் வீட்டுக்காரம்மா. இரண்டு நாள் அந்த யோசனை மனதில் ஓடியது. மதுரைக்கு பஸ் ஏறியிருந்தால் முடிந்திருக்கும் கதை. ஆனால் பொய் சொல்லக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டேன். பேரன் அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் தாத்தா செத்துச்சு?" என்று கேட்டான்.

பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்கே உறைத்தது. மீனின் கழிவிலும் மிச்ச இரையிலும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. அது அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றினால் போய்விடும். நைட்ரசன் சுழற்சி! எட்டாம் வகுப்புக்கு அம்புக்குறி போட்டு எத்தனை வருடம் நடத்தினேன். அந்த பாக்டீரியா குடியிருந்த வீடுதான் நான் எறிந்த பழுப்புப் பஞ்சு. கற்களில் மிஞ்சி இருந்ததையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிக் கொன்றுவிட்டேன்.

"அப்ப அழுக்குதான் நல்லதா தாத்தா?" என்றான். எல்லா அழுக்கும் இல்லைடா, என்றேன்.

மற்ற இரண்டும் பிழைத்தன. இரையை நிறுத்தி, ஒருநாள் திறந்து வைத்த தண்ணீரால் தினமும் கால்வாசி மாற்றினேன். பாக்டீரியா மறுபடி பெருகித் தொட்டி சீராக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது பையில் இரண்டு அடுக்கு வைக்கிறேன். ஒன்று ஸ்பாஞ்ச். அதை எறிவதே இல்லை. தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அதில் லேசாகப் பிழிந்து திரும்ப வைப்பதோடு சரி. மற்றது பஞ்சு. நைந்தால் மட்டும் மாற்றுகிறேன். இரண்டையும் ஒரே நாளில் தொடுவதில்லை. மீனுக்கு மருந்து போட்டால், பிறகு அந்த மருந்தை உறிஞ்ச மட்டும் கடைக் கரி.

நம் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தம் கடைசி வருடங்களைக் கழித்தார். இயற்கையில் ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவு என்பதை வைத்தே பொருளாதாரம் பேசியவர். அந்த ஆசிரமத்தைத் தாண்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். பாடம் மட்டும் ஒரு மீன் செத்த பிறகுதான் ஏறியது.

வருடம் 1,800 ரூபாய் மிச்சம்தான். அதில் ராஜாவின் கணக்கைக் கழித்துக்கொள்ளுங்கள். முழு ஆண்டு விடுமுறைக்குப் பேரன் வருகிறான். புது மீனை அவனே பார்த்து வாங்கட்டும். பை தைக்க அவனுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்.

மீன் வளர்க்கும் நண்பர்கள், நான் இன்னும் ஏதாவது தப்புச் செய்கிறேன் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.