அம்மாவின் டிரான்சிஸ்டர்

"பழைய பேப்பர், பழைய இரும்பு!" என்று தெருவில் குரல் கேட்டால் போதும், என் அம்மா தன் டிரான்சிஸ்டரை எடுத்து மடியில் வைத்துக் கொள்வாள். பயம் அந்த ஆளைக் கண்டு அல்ல, என்னைக் கண்டு!

நான் பிறந்தது திண்டிவனம், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். நடுவே நாற்பது கிலோமீட்டர்தான். அப்பா காலமான பிறகும் அம்மா அங்கேயே தனியாக இருக்கிறாள். கண்ணில் அழுத்தம் வந்து பார்வை மங்கிவிட்டதால் டி.வி. பார்க்க முடியாது. துணைக்கு இருப்பது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

2024 தீபாவளிக்கு முன் ஒட்டடை அடிக்கப் போனவள், "இந்த டப்பாவைப் போட்டுடும்மா. போன்லயே எல்லாம் வருதே" என்றேன். அம்மா கோபிக்கவில்லை. "நீ வாரத்துக்கு ஒரு தரம் பேசறே. இது தினமும் எங்கிட்ட பேசுதும்மா" என்றாள். ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் அந்த வார்த்தை சுட்டுக்கொண்டே வந்தது.

அடுத்த மாதமே ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் கரண்ட் போனது, பிறகு போனும் செத்தது. அம்மா என்ன ஆனாளோ என்று இரண்டு நாள் அடுப்படியில் கை ஓடவில்லை. திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்றாம் நாள் இவர் பைக்கில் சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பார்த்தால் அம்மா வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டு ஜனம் மொத்தமும்! கரையைக் கடந்த புயல் நகராமல் நிற்கிறது, மழை விடாது என்று ரேடியோவில் கேட்டதும், பள்ளத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்து. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு" என்றாளாம். அந்த வீட்டுக்குள் விடியும்போது முழங்கால் தண்ணீர்.

இவரைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, விழுப்புரத்துல வெள்ளம்னு சொன்னாங்களே, புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?" நான் அவளை நினைத்துத் தவித்தேன், அவளோ எங்களை நினைத்துத் தூங்கவில்லை!

அதற்குப் பிறகு என் மகனை விட்டு இந்த வானொலியின் கதையைத் தேடச் சொன்னேன். ஆச்சரியமாக இருந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-லேயே சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பு செய்திருக்கிறது. பணமில்லாமல் 1927-ல் நின்றது. அந்தக் கருவியை வாங்கிக் கொண்ட சென்னை மாநகராட்சி 1930-ல் ரிப்பன் மாளிகையிலிருந்து தொடர்ந்தது. பெட்டி வாங்க முடியாதவர்களும் கேட்கும்படி கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்களாம்! 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. 1977-ல் எஃப்.எம். வந்தது. 2003-ல் தனியார் நிலையங்கள், 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சிலோனை விட்டுட்டியே!" என்று குறைப்பட்டாள். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் பேசும்போது வாசலில் கோலமாவோடு நின்றுவிடுவாளாம்.

சென்னை எஃப்.எம். நம் ஊருக்கு ஏன் சரியாக எட்டுவதில்லை என்றும் இப்போதுதான் புரிந்தது. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவது, அதிக தூரம் வராது. மத்திய அலை தரையை ஒட்டி வெகுதூரம் வரும். அதனால்தான் அம்மாவின் பெட்டியில் சென்னையும் புதுச்சேரியும் கேட்கின்றன.

சகோதரிகளே, அனுபவத்தில் கண்ட இரண்டு விஷயம் சொல்கிறேன். மத்திய அலை இரைந்தால் பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். அதன் ஏரியல் உள்ளேயே இருப்பதால் ஒரு பக்கம் பார்க்க வைத்தால் தெளிவாகும். பல நாள் உபயோகிக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்து பெட்டியைக் கெடுத்துவிடும்.

பொங்கலுக்கு எனக்கும் ஒரு சின்ன ரேடியோ வாங்கினேன். சாயங்காலம் மாநிலச் செய்தி முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போடுகிறேன். "கேட்டியாம்மா?" என்பேன். "உனக்கு முன்னாடியே கேட்டுட்டேன்" என்பாள். செய்தி என்னவோ பழையதுதான். ஆனால் இப்போது தினமும் பேசுகிறோம்.